கரையில் மூன்றரை மணி நேரம்

கப்பலில் எனக்குச் சலவைப் பிரிவில் வேலை. கரீபியன் கடலில் தீவு தீவாகப் போய்வரும் உல்லாசக் கப்பல் அது. முதல் ஏழு வாரம் நான் எந்தத் தீவிலும் கால் வைக்கவில்லை. தீவுகள்தான் என்னிடம் வந்தன. காலையில் பயணிகள் நீலத் துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு இறங்குவார்கள். சாயங்காலம் அந்தத் துவாலைகள் தள்ளுவண்டிகளில் எங்களிடம் வந்து சேரும். உதறினால் மணல் கொட்டும். ஒரு நாள் சீனி மாதிரி வெள்ளை, இன்னொரு நாள் பழுப்பு, ஒரு தீவிலிருந்து மட்டும் கருமணல். அதைக் கூட்டி அள்ளுவதும் என் வேலைதான்.

சலவைக்கூடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. சன்னல் கிடையாது. கப்பல் நிற்கிறதா ஓடுகிறதா என்பதை உள்ளங்காலில் ஏறும் அதிர்வை வைத்துத்தான் சொல்ல முடியும். ஏறிய அன்றே பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். கையில் இருந்தது படம் ஒட்டிய ஓர் அட்டை மட்டும். துறைமுகத்தில் நிற்கும் நாளில், ஆபத்து வந்தால் உதவ, ஊழியர்களில் ஒரு பகுதியினர் உள்ளேயே இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் புதிதாக வந்தவன் பெயர் தவறாமல் இருக்கும்.

ஊரில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகும் சின்ன ஊர் எங்களுடையது. அப்பா ஆடு மேய்ப்பவர். மதுரையில் கேட்டரிங் படித்துவிட்டு, ஒரு ஏஜென்ட் மூலம் நான் கப்பலேறியது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில். கப்பலுக்குள் இருந்த போனிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால், அப்பா ஓடிவந்து முதலில் கேட்பது, "ஏலே, இன்னைக்கு எந்தத் தீவு?" என்பதுதான். நான் பெயரைச் சொல்வேன். அவர் டீக்கடையில் போய், "மகன் தீவு தீவா சுத்துதான்" என்பார். மணலைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணாச்சியைக் கண்டுபிடித்தது ஒரு வசவால்தான். ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ தட்டுகளைக் கீழே போட்டார்கள். பின்னாலிருந்து, "சவத்து மூதி" என்று எங்கள் பக்கத்து வசவில் ஒரு குரல். திரும்பினேன். ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர், கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. கயத்தாறுக்காரர். சமையல்கட்டில் அண்டா கழுவும் வேலை. அது அவருக்கு எட்டாவது ஒப்பந்தம். இரண்டு பெண்பிள்ளைகள் ஊரில்.

எட்டாவது வாரத்திலிருந்து எனக்கும் கரையிறங்கக் கிடைத்தது. பத்தரைக்கு இறங்கினால் இரண்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். அண்ணாச்சிக்கும் அதே நேரம்தான். எந்தத் தீவானாலும் இறங்கியதும் ஒரு கம்பி வேலி, வேலிக்குள் நகைக்கடைகள், ஓரத்தில் கப்பல்காரர்களுக்கென்று ஒரு போன் கடை. அங்கே வரிசையில் நின்று ஊருக்குப் பேசுவோம். நம் ஊரில் அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பேசி முடித்தால் திரும்பி நடக்க நேரம் சரியாக இருக்கும்.

குராசோ என்ற தீவில் நின்ற அன்று போன் கடையில் கூட்டமில்லை. சீக்கிரமே பேசிவிட்டு அண்ணாச்சி வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தவக்காலம் தொடங்கிவிட்டால் சர்ச்சில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டுமாம். இன்னும் இரண்டே வாரம். அவருடைய ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது. பேச்சு நடக்கிறது என்று தெரிந்ததுமே அவர் அலுவலகத்தில் லீவு கேட்டிருக்கிறார். நடுவில் போனால் மறுபடி கூப்பிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இளையவளின் படிப்பு அதை நம்பித்தான் ஓடியது.

"இந்த வேலிக்குள்ளேயே எத்தன நாள் சுத்துறது? கொஞ்சம் உள்ள போயிட்டு வருவோம், வாங்க தம்பி," என்றார்.

அந்தத் தீவுக்காரர்கள் போய்வரும் ஒரு வேனில் ஏறினோம். அரை மணி நேரம் கழித்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். காய்ந்த தரை. கள்ளி. கண்ணுக்கெட்டிய தூரம் வேலிமரம், நம் சீமைக்கருவேல்தான். அதன் நெற்றைத் தின்றுகொண்டு ஏழெட்டு ஆடுகள். அப்பா தொரட்டிக் கம்பால் நெற்று உலுக்க, நான் ஆடுகளுக்குப் பின்னால் ஓடிய காடும் இப்படித்தான் இருந்தது. இந்த முள்ளை விட்டுத் தப்பிக்கத்தான் நான் படித்தேன். உலகத்தின் அந்தக் கோடிக்குப் போயும் அதே முள் எனக்கு முன்னால் நின்றது.

அண்ணாச்சிக்கு அப்படித் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். ஒரு ஆடு வந்து அவர் சட்டையை முகர்ந்தது. வெகுநாள் கழித்து அவர் சிரிப்பதைப் பார்த்தேன்.

ஒரு மணிக்குத் திரும்பும் வேன் தூரத்தில் வருவது தெரிந்தது. எழுந்தேன். அவர் எழவில்லை.

"நீங்க போங்க தம்பி. நான் வரல."

"என்ன அண்ணாச்சி பேசுதீங்க?"

"கால் தரையில இருக்கட்டும். கப்பல் போனாப் போவுது."

"பாஸ்போர்ட் அவங்ககிட்ட இருக்கு. போலீஸ் பிடிச்சா என்ன செய்வீங்க?"

"பிடிச்சா ஊருக்குத்தான அனுப்புவான்? நல்லதாப் போச்சு. கல்யாணத்துக்குப் போய்ச் சேந்துருவேன்."

அதை அவர் யோசித்து வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. வேன் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். எனக்குப் பயம் வந்தது. அவருக்காக மட்டுமில்லை. கூடப் போனவன் என்று என்னைக் கேட்பார்கள். என்னையும் இறக்கி அனுப்பிவிட்டால் அப்பா முகத்தில் எப்படி முழிப்பது?

"மாசக்கணக்குல ஜெயில்ல வச்சிருப்பாங்க அண்ணாச்சி. மக கல்யாணத்தன்னைக்கு அப்பன் ஜெயில்ல கெடக்கான்னு மாப்பிள்ள வீட்டுல பேசணுமா?"

அப்படி நடக்குமா என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் அது அவரைப் பிடித்துவிட்டது. என்னையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வேனில் ஏறினார். கப்பல் வாசலில் அட்டையை நீட்டும்போது மணி இரண்டாக ஆறு நிமிடம் இருந்தது.

கல்யாணம் நடந்த அன்று நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். அடுத்த துறைமுகத்தில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். "புள்ளட்ட குடு" என்று கேட்டார். மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். "போயாச்சா? சரி... சரி, இருக்கட்டும்," என்று வைத்துவிட்டார். மகள் முந்தின நாளே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி கரையிறங்கவே இல்லை. துறைமுக நாட்களில் மற்றவர்களுக்குப் பதிலாகத் தன் பெயரைப் பட்டியலில் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார். நான் தனியாக இறங்கிப் போன் கடை வரைக்கும் போய்வந்தேன். ஒப்பந்தம் முடிந்து அவர் கிளம்பிய நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். "ஊருக்கு வந்தா வீட்டுக்கு வாங்க," என்றார்.

போனேன், மறுவருடம். ரோட்டோரம் அவரும் மருமகனும் லாரிக்காரர்களுக்கான சாப்பாட்டுக்கடை நடத்திக்கொண்டிருந்தார்கள். கப்பல் பக்கமே அவர் மறுபடி போகவில்லை. இலை போட்டுப் பரிமாறினார். சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஜெயில்ல வச்சிருப்பாங்கன்னு சொன்னீங்கள்லா. அது நெசந்தானா?"

"தெரியாது அண்ணாச்சி."

"எனக்கும் அன்னைக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதுன்னு," என்றார். கோபம் இல்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

என் பையில் அடுத்த ஒப்பந்தக் காகிதம் இருந்தது. கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. கோவில்பட்டி பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.