அளவுச் சாப்பாடு வேண்டாம்

மாதத்துக்கு ஒரு நாள் பிரஷர் மாத்திரை வாங்க மார்த்தாண்டம் போவேன். வாங்கி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவேன். பஸ்ஸில் இப்போது பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. சாப்பாட்டுக்கு உண்டு, அதுவும் ஏறிக்கொண்டே போகிறது. கடைச் சுவரில் விலை எழுதின தாளுக்கு மேல் தாளாக ஒட்டி, அந்த இடம் மட்டும் அட்டை மாதிரித் தடித்துப் போயிருக்கிறது.

இவ்வளவு விலை கொடுத்துச் சாப்பிடத்தான் வேண்டுமா என்று என் மகன் கேட்கிறான். வேண்டும் என்கிறேன். ஏன் என்று அவனிடம் எனக்குச் சொல்ல வரவில்லை. ஆட்கள் முன்னால் பேச எனக்கு எப்போதும் கூச்சம். படிப்பும் அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனது. எழுதினால் யாரும் இடையில் மறித்துப் பேச மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதல் தடவை நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த அன்றைக்குத் தலை சுற்றியது. ஏதாவது சாப்பிடுங்கள் என்று நர்ஸ் சொன்னாள். ஒரு கடையில் தனியாகப் போய் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து இருந்தேன். முதல் அகப்பைச் சோறு விழுந்ததுமே ‘மதி’ என்றேன். எங்கள் பக்கத்தில் போதும் என்பதற்கு மதி என்றுதான் சொல்லுவோம். பரிமாறினவர் வடக்கே எங்கேயோ இருந்து வேலைக்கு வந்தவர், மீசை நரைக்கத் தொடங்கின ஆள். கொஞ்சம் தமிழ் பழகியிருந்தார், மதி பழகவில்லை. நான் இன்னும் கேட்கிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னொரு அகப்பை வைத்தார். அவியலுக்கு மதி என்றேன், அவியலும் இன்னொரு கரண்டி வந்தது. மோர்ப் புளிசேரி ஊற்ற வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவையும் சாப்பிட்டேன். இலையில் கறிவேப்பிலை மட்டும் கிடந்தது. எனக்கு இத்தனை பசி உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். வீட்டில் முதல் அகப்பையிலேயே ஏன் மதி என்கிறேன்? பானையில் எவ்வளவு கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், வடித்தவள் நான்தானே. மகன் இரண்டாவது கேட்பான். மருமகள் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டுப் பசியோடு வருவாள். சட்டியில் மீன் துண்டு கொஞ்சம்தான் இருக்கும். அதற்குத் தகுந்தபடி என் வயிறு சுருங்கிக்கொள்ளும். கடையில் பானை உள்ளே எங்கேயோ இருக்கிறது. அடி தட்டினால் அது அவர்கள் பாடு. சோறு என் வீட்டிலும் நன்றாகத்தான் இருக்கும். பானையைப் பார்க்காமல் சாப்பிடுவதற்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

போன மாதம் விலை மறுபடியும் ஏறினது மகனுக்குத் தெரிந்துபோனது. அவன் கெட்டவன் இல்லை. கேஸ் விலை, எண்ணெய் விலை, பிள்ளைகளின் பீஸ் என்று அவன் சொன்னதெல்லாம் நேர்தான். இனி வீட்டிலிருந்து பொதிச்சோறு கட்டிக் கொண்டுபோகச் சொன்னான்.

“அந்தக் காசுக்கு வீட்டுல எல்லாருக்கும் மீனும் சோறும் பொங்கலாம்லா அம்மா.”

“பொங்குதது ஆரு மக்களே?”

கொடுப்பது என் பென்சன் காசு என்பதையும் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

இந்த மாதம், பஸ்ஸில் அலைய வேண்டாம், நான் பைக்கில் கொண்டுபோகிறேன் என்றான். எதற்கென்று எனக்குத் தெரியாதா? மாத்திரை வாங்கினதும் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான். கடைக்கு விடு என்று பின்னாலிருந்து சொன்னேன். வண்டியைத் திருப்பிக் கடை வாசலில் கொண்டு நிறுத்தினான்.

அங்கே புதிதாக அளவுச் சாப்பாடு என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். ஒரு கிண்ணம் சோறு, தொட்டுக்கொள்ளத் தொடுகறி ஒரே தடவை, அப்புறம் எதுவும் கேட்கக் கூடாது. விலை குறைவு. முழுச் சாப்பாடா, அளவா என்று கல்லாவில் இருந்தவர் கேட்டார். நான் வாயெடுக்கும் முன்னே மகன் சொல்லிவிட்டான்.

“அம்மைக்கு அளவு மதி. வயசாச்சுல்லா, எவ்வளவு தின்னப்போறாவ?”

டோக்கன் வாங்க எங்களுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். எனக்குக் காது சுட்டது. எத்தனையோ வருஷமாக அந்த வார்த்தையை நானே சொல்லியிருக்கிறேன். எனக்காக இன்னொருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

“மதியா இல்லியான்னு நான் சொல்லுதேன்,” என்றேன். “எனக்கு முழுச் சாப்பாடு. இவனுக்கு வேணும்னா அளவு குடுங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கல்லாக்காரர் மகனைப் பார்த்தார். நான் பர்ஸைத் திறந்து காசை எடுத்து மேசையில் வைத்தேன். அவரும் முழுச் சாப்பாட்டு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். மகனும் முழுச் சாப்பாடுதான் வாங்கினான்.

இந்தத் தடவை சுவரைப் பார்த்து இருக்கவில்லை, நடு மேசையில் இருந்தேன். அவியலை இரண்டு தடவை வாங்கினேன். மகன் மூன்று தடவை வாங்கினான்.

திரும்பி வரும்போது பாலத்தில் நெரிசல். வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டே கேட்டான்.

“அவியல் நல்லா இருந்துல்லா. நாளைக்கு வீட்டுல வைப்பியாம்மா?”

“வைக்க மாட்டேன். அது தின்னணும்னா அடுத்த மாசம் என்கூட வா.”

லாரிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ. இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.