தாம்பூலப் பையில் தங்கையின் பாட்டு

சித்தப்பா மகளின் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையில் இவை இருந்தன: ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பெட்டி மைசூர்பா, மணமக்கள் படம் அச்சிட்ட ஒரு பென் டிரைவ். தேங்காய் சித்தப்பாவின் கிணத்துக்கடவுத் தோப்பில் காய்த்தது. மற்றவை விலைக்கு வாங்கியவை. பென் டிரைவுக்குள் இருந்த பாட்டுகள் என் தங்கையுடையவை. அவளை யாரும் கேட்கவில்லை.

தங்கை தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவள். கல்லூரி முடித்ததும் வேலைக்குப் போகாமல், பாட்டுக்காக அப்பாவிடம் ஒரு வருடம் கேட்டாள். "ஒரு வருசம் எடுத்துக்க. அதுக்குள்ள ஒரு வழி ஆகோணும். இல்லீன்னா நான் சொல்ற வேலைக்குப் போகோணும்" என்றார் அப்பா. எங்கள் பீளமேட்டு வீட்டில், எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் ரஜாய் போர்வைகள் தொங்கவிட்ட அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பாடினாள். நான் மென்பொருள் வேலை பார்ப்பவள். வேலை முடிந்து வந்து, குரலையும் இசையையும் இணைக்கும் ஒலிக்கலவையைச் செய்து கொடுத்தேன். வருடம் முடியும் முன்பே சென்னையில் ஒரு சிறிய இசை நிறுவனம் பாட்டுகளை வெளியிட ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை: அதற்கு முன் அவை வேறெங்கும் வெளிவந்திருக்கக் கூடாது. வெளியீடு நடந்துவிட்டால் அப்பா பிறகு வேலை பற்றிப் பேசமாட்டார். அவ்வளவும் அதில்தான் நின்றது.

கலந்து முடித்த பாட்டைக் காரில் போட்டுக் கேட்பது இந்த வேலையில் வழக்கம். ஹெட்போனில் ஒளிந்துகொள்ளும் குறையெல்லாம் காரில் வெளியே வந்துவிடும். எங்களிடம் இருப்பது ஸ்கூட்டர். சித்தப்பாவின் கார் ஸ்பீக்கர்கள் நல்லவை. அவரிடம் கேட்டோம். அவரே ஓட்ட, பொள்ளாச்சி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தோம். பாட்டு முழுவதையும் பேசாமல் கேட்டார். கடைசிப் பாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பொய் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

இறங்கும்போது, "இந்தப் பென் டிரைவு இங்கயே இருக்கட்டும் கண்ணு. கல்யாண வேலையா அலையறேன், கேட்டுட்டுத் தாரேன்" என்றார்.

"கேளுங்க சித்தப்பா. வேற யாருக்கும் குடுத்துறாதீங்க, இன்னும் வெளிய வரலைங்க" என்றாள் தங்கை.

"அட, நான் யாருக்குக் குடுக்கப் போறேன்."

கல்யாணத்தன்று மதியப் பந்தி முடிந்து, மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தோம். கிளம்பிய ஒரு காரிலிருந்து தங்கையின் குரல் கேட்டது. அவள் சிரித்தாள். தன் குரலை முன்பின் தெரியாத ஒருவர் காரில் கேட்பது அதுதான் அவளுக்கு முதல் தடவை. பின்னால் வந்த காரிலும் அதே குரல். அதற்குப் பின்னால் வந்ததிலும். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் கையிலிருந்த தாம்பூலப் பையைத் தரையில் கவிழ்த்தேன். தேங்காய் உருண்டு ஒரு சக்கரத்தில் போய் முட்டியது; பென் டிரைவ் என் காலடியில் கிடந்தது.

வாசலில் நின்று எல்லாரையும் வழியனுப்பிக்கொண்டிருந்த சித்தப்பா எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"பாத்துட்டீங்களா? சொல்லாம இருக்கறதுக்குள்ள பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! எல்லாம் நம்ம அம்மணிக்காகத்தான். இன்னைக்கு ஊரே உன்ற பாட்டத்தான் கேட்டுட்டுப் போகுது."

"குடுக்க வேண்டாம்னு சொன்னேனுங்களே சித்தப்பா" என்றாள் தங்கை.

"வெளியாளுக்கா குடுத்தேன்? எல்லாம் நம்ம சொந்தக்காரங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பா எப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெரியும். பக்கத்துத் தோப்பு மரத்திலிருந்து காய் இவர் பக்கம் விழுந்தால் எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வருவார். அதையே கேட்டேன்.

"பக்கத்துத் தோட்டத்துக் காய எடுப்பீங்களா சித்தப்பா?"

"அதெப்படி எடுப்பேன்? அது அவனுது."

"இது இவளுதுங்க."

"காய எடுத்தா அவனுக்கு ஒண்ணு கொறையும். பாட்ட எடுத்தா என்ன கொறையும்? அவகிட்ட இருக்கறது அப்படியேதான் இருக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "ஏனுங்க, படிச்ச புள்ளையே இப்படிக் கேக்கலாமுங்களா?" என்றார். நல்ல பதில் என்று சித்தப்பாவுக்கே ஒரு திருப்தி. அம்மா என் கையைக் கிள்ளி, "கல்யாண ஊட்டுல வேண்டாம், பேசாம வா" என்று இழுத்தாள்.

மறுநாள் தங்கையும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். கேட்டது ஒரே ஒரு உதவி. உறவினர்கள் எல்லாரும் இருக்கும் வாட்சப் குழுவில், அந்தப் பாட்டுகளை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று அவர் ஒரு வரி போட வேண்டும். நாங்கள் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பெண்ணைப் பெற்றவர் போட்டால் கேட்பார்கள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தாம்பூலத்துல வெச்சுக் குடுத்தத வேண்டாம்னு சொல்லச் சொல்றியா? சம்பந்தி ஊட்டுக்காரங்க அத்தன பேருக்கும் போயிருக்குது. அவங்க என்ன நெனப்பாங்க? கண்ணு, வேற எது வேணும்னாலும் கேளு. செஞ்சுபோடறேன்."

"வேற எதுவும் வேண்டாமுங்க" என்றாள் தங்கை.

"அது மட்டும் ஆகாது சாமி."

தாம்பூலத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கொடுப்பவருடையதாக இருந்தால்தானே அது தாம்பூலம்? ஒரு வரி. அதை அவர் போட்டிருந்தால் பாட்டு தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. போடவே மறுத்தார் என்பதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. அவருடைய கௌரவம் ஒரு தட்டில், அவளுடைய வருடம் இன்னொரு தட்டில். எந்தத் தட்டு தாழ்கிறது என்று நிறுத்துப் பார்க்கக்கூட அவர் தயாராக இல்லை.

விருந்தினரில் யாரோ பாட்டுகளை டெலிகிராமில் ஏற்றினார். அங்கிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒரு தளத்துக்குப் போயின. சென்னை நிறுவனத்தின் கண்ணில் பட்டன. மிக மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வந்தது: குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே வெளிவந்ததைப் புதிதென்று வெளியிட இயலாது. தங்கை அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, சுவரில் தொங்கிய ரஜாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்தாள். அப்பாவும் சொன்ன சொல் மாறவில்லை. ஒரு பம்ப் கம்பெனியின் பில் போடும் பிரிவில் அவளுக்கு வேலை பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு எங்களுக்குச் சொன்ன சமாதானங்களை நான் மனதில் வரிசையாக வைத்திருக்கிறேன். முதலாவது, நகல்தானே எடுத்தோம் என்பது. நான் எழுதும் நிரலும் நகல்தான். அனுப்பிய பிறகும் அது என் கணினியில் அப்படியே இருக்கிறது. அதற்காக மாதக் கடைசியில் யாரும், உன்னிடம்தான் இருக்கிறதே, சம்பளம் எதற்கு என்று கேட்பதில்லை. இரண்டாவது, அவளுக்கு விளம்பரம்தானே என்பது. விளம்பரம் வேண்டுமா என்று அவளை அல்லவா கேட்டிருக்க வேண்டும்? மைசூர்பா கடைக்காரரிடம் போய், உங்களுக்கு விளம்பரம், பெட்டிகளைச் சும்மா கொடுங்கள் என்று சித்தப்பா சொல்லியிருப்பாரா? மூன்றாவது, எல்லாரும் செய்கிறார்கள் என்பது. இதற்குப் பதில் சொல்லவே எனக்கு மனமில்லை. நான்காவதுதான் என்னை அதிகம் எரிக்கிறது: நம்ம புள்ளதானே. அந்தக் கல்யாணத்தில் சமையல்காரர், பூக்காரர், பாலக்காட்டிலிருந்து வந்த செண்டை மேளம், மேலே பறந்த டிரோன் கேமராக்காரர் என்று அத்தனை பேருக்கும் மனம் குளிரக் கொடுத்தவர் சித்தப்பா. நம்ம புள்ள என்பதால் இவளிடம் மட்டும் கேட்கவும் தேவையில்லை, கொடுக்கவும் தேவையில்லை. அந்நியராய் இருந்திருந்தால் அவளுக்கும் மரியாதை கிடைத்திருக்கும்.

பெரிய இணையத் திருடர்கள் மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. அவர்கள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

சில மாதம் கழித்து, மகளின் வளைகாப்புக்கு அழைக்க சித்தப்பா காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் ஆபீசும் அந்த வழிதான். "ரெண்டு பேரும் ஏறுங்க, எறக்கி உட்டுட்டுப் போறேன்" என்றார். அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். வண்டி கிளம்பியதும் அவள் பாட்டு ஒலிக்க ஆரம்பித்தது.

"நல்ல வேலையும் கெடச்சிருச்சு பாரு. எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார் சித்தப்பா. "வளைகாப்புக்குன்னே புதுசா ஒரு பாட்டுப் பாடிக் குடுத்துரு அம்மணி. அன்னைக்கு எல்லாருக்கும்…"

தங்கை கையை நீட்டிப் பென் டிரைவைப் பிடுங்கினாள். பாட்டு பாதி வரியில் அறுந்தது. அது மணமக்கள் படம் அச்சிட்டது அல்ல. காரில் கேட்டுப் பார்க்க அன்றைக்கு நாங்கள் கொண்டுவந்த பழைய கறுப்புப் பென் டிரைவ். மூடியைப் போட்டுத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஏங்கண்ணு?"

"இது என்னுதுங்க சித்தப்பா. கேட்டுட்டுத் தாரேன்னு வாங்குனீங்க."

அவிநாசி ரோட்டு நெரிசலில் வண்டி ஊர்ந்தது. பாட்டில்லாத வண்டி அவருக்கு ஆகவில்லை. கொஞ்ச தூரம் போனதும், தன்னைவிடச் சின்னவளிடம் அனுமதி கேட்கிறோம் என்பதையும் மறந்து, "ரேடியோவாச்சும் போட்டுக்கட்டுங்களா அம்மணி?" என்றார்.

"போட்டுக்குங்க" என்றாள் தங்கை, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "ரேடியோக்காரங்க பாட்டுக்குக் காசு குடுத்துட்டுத்தான் போடறாங்க."

பொத்தான் வரை போன அவர் கை, திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்தது. அவளுடைய ஆபீஸ் வாசல் வரைக்கும் ஏசியின் சத்தம் மட்டும்தான் கேட்டது.