வியாகுலம்மாளின் நேர்ச்சை

ராயபுரத்து வால்டருக்கு வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கிக்கொண்டே வந்தன. வலி கிடையாது. தோலுக்கடியில் கயிறு போல ஏதோ ஒன்று இறுகி விரலை இழுத்தது, அவ்வளவுதான். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரை முடக்க அது போதாதா? லீவரிலிருந்து கையைச் சட்டென்று எடுக்க முடியாமல் ஒருநாள் பெட்டி அடுக்கையே சாய்க்க இருந்தார்.

ஆபரேஷன் நடந்தது. விரல்கள் நிமிர்ந்தன. அவற்றை நீட்டிப் பிடிக்கும் பிளாஸ்டிக் அச்சு ஒன்றைக் கொடுத்து, ஸ்பிளிண்ட் இது, மாதக்கணக்கில் இரவில் மாட்டித்தான் தூங்க வேண்டும் என்றார்கள்.

மனைவி வியாகுலம்மாள் ஆபரேஷனுக்கு முன்பே மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். குணமானவர்கள் ஊன்றுகோலையும் மாவுக்கட்டையும் கோயிலில் காணிக்கையாக வைத்துவிட்டுப் போவது வழக்கம். நிமிர்ந்த விரலைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் ஸ்பிளிண்டைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டாள். வால்டர் தடுக்கவில்லை. அந்தச் சனியனை மாட்டினால் அவருக்குத் தூக்கமே வராது.

"மாதாவே வாங்கிக்கினாங்க, நமக்கு இன்னாத்துக்கு?" என்றார்.

வருஷம் திரும்புவதற்குள் விரல்கள் மறுபடி மடங்கின. சூப்பர்வைசர் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அவரைக் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார். வியாகுலம்மாள் இடிந்துபோனாள். மாதாவுக்குக் கொடுத்ததே வினையாகிவிட்டதே என்று அவள் அழுதது பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு, பிசியோதெரபி பார்க்கும் ஷாலு அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினாள்.

"கத்தி மட்டும் பத்தாதும்மா. ஊசியும் போட்டிருக்கோம். நைட்டு ஸ்பிளிண்ட், பகல்ல பயிற்சி, எல்லாம் சேந்தாத்தான் வெரல் மடங்குறதத் தள்ளிப்போடலாம். திரும்ப வரவே வராதுன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. மேஜை மேல உள்ளங்கைய விரிச்சு வச்சா அடியில இடுக்கு தெரியக்கூடாது. தெரிஞ்சா ஒடனே வாங்க."

வீட்டுக்கு வரும் வழியில் வால்டர் கேட்டார்: "இந்தத் தபா இன்னா வேண்டிக்கினே?"

"பொருளு எதுவும் கெடையாது. தெனிக்கும் நானே கட்டி வுடுறேன். அதான் நேர்ச்சை."

அப்படியே செய்தாள். ராத்திரி ஜெபம் முடித்ததும் ஸ்பிளிண்டைக் கட்டிவிடுவாள். காலையில் காபி டம்ளரை எட்ட நகர்த்தி வைத்துவிட்டு, "கைய வைய்யா, பாக்கலாம்" என்பாள். குனிந்து, கன்னத்தை மேஜையில் சாய்த்து, உள்ளங்கைக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பாள். அப்புறம்தான் காபி. வண்டிச் சாவி வால்டரிடம் திரும்பி வந்தது.

போன தவக்காலத்தில் நெஞ்சுவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

கல்லறையில் பெட்டியை மூடியதும் மகள் மெர்லின் அப்பாவைத் தோளைப் பிடித்து விலக்கப் பார்த்தாள். அவர் நகரவில்லை. வலது கையை மூடியின் மேல் விரித்து வைத்தார். குனிந்து, கன்னத்தைப் பலகையில் சாய்த்து, கைக்கு அடியில் பார்த்தார்.

"இடுக்கு இல்ல வியாகுலம்," என்றார். "நல்லா பாத்துக்கோ."