கீப்பரின் சராசரி

போன வாரம் பம்மலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் முழங்காலில் வலித்தைலம் தேய்த்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ பெஞ்சமினின் விரல்கள் நினைவுக்கு வந்துவிட்டன. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். எனக்கு இதெல்லாம் வழக்கம்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் கம்பெனிக்கு ஒரு கிரிக்கெட் அணி உண்டு. பெருங்களத்தூர் மைதானத்தில் ஞாயிறுதோறும் கம்பெனிகளுக்கிடையே லீக் ஆட்டம். எனக்குப் பந்தைக் கண்டாலே கண் தானாக மூடிக்கொள்ளும். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதனால் ஸ்கோர் எழுத உட்காரவைத்தார்கள்.

பெஞ்சமின் எங்கள் விக்கெட் கீப்பர். பேக்கிங் பிரிவில் தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை ஆர்டரைப் புதுப்பிப்பார்கள். அவன் ஆடுகிறான் என்பதற்காகவே புதுப்பித்தார்கள். பத்து விரலில் ஒன்றாவது எப்போதும் வீங்கி, வலித்தைலம் மணக்கும். மேடு பள்ளமான அந்தத் தரையில், கால் பக்கம் எகிறிப் போகிற பந்தைக்கூடப் பூனை மாதிரி பாய்ந்து பிடிப்பான். பேட்டிங்கில் மட்டும் அவனைக் கடைசிக்கு முன்னால்தான் இறக்குவார்கள். போன வேகத்தில் திரும்பி வருவான்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, நாலு வருஷக் கணக்கையும் பார்த்து ஒவ்வொருவர் ரன் சராசரியையும், பக்கத்திலேயே லீக்கின் சராசரியையும் எழுதித் தரச் சொன்னார். தேறாதவர்களைக் கழித்துவிட்டுப் புது ஆட்களை எடுக்கப்போகிறார்களாம். நான் பெருமையாக உட்கார்ந்து, லீக்குக்குச் சிவப்பு மையும் நம் ஆட்களுக்கு நீல மையுமாக எழுதினேன். பெஞ்சமின் பெயருக்கு வந்தபோதுதான் கை நின்றது. சிவப்பில் பதினெட்டு. நீலத்தில் ஒன்பது.

விஷயம் கேள்விப்பட்டு மதியம் சாப்பாட்டு நேரத்தில் வந்தான்.

"சார், கூட்டல்ல எங்கனா தப்பு கீதா, ஒரு தபா பாரேன்."

ஸ்கோர் புத்தகங்களைப் பரப்பி, இருவரும் ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்தோம். எங்காவது ஒரு ரன்னை விட்டிருக்கமாட்டேனா என்று எனக்கே ஆசை. முக்கால்மணி நேரம் கழித்து அவன் ஒரு பக்கத்தில் விரலை வைத்தான்.

"இந்த நாலு ரன் என்னுது இல்ல சார். பேட்ல படல, கால்ல பட்டுப் போச்சி. லெக் பை."

"இருந்துட்டுப் போகட்டும் பெஞ்சமின்."

"வேணாம் சார். மாத்திடு."

மாற்றினேன். ஒன்பது எட்டே சொச்சம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் ஒரு துண்டுத்தாளில் அவன் பிடித்த கேட்சுகளையும் செய்த ஸ்டம்பிங்குகளையும் தனியாக எழுதி, பட்டியலோடு குத்தி மேனேஜரிடம் கொடுத்தேன்.

"இதை நான் கேட்கலையேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குண்டூசியைக் கழற்றித் துண்டுத்தாளை என்னிடமே தந்தார். குண்டூசியை மேஜையில் வைத்துக்கொண்டார். இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். எனக்கும் அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை பெஞ்சமினின் ஆர்டர் புதுப்பிக்கப்படவில்லை. புதிதாக வந்த கீப்பர் நன்றாக ரன் எடுத்தார். அவர் கைக்குத் தப்பி எல்லைக்கு ஓடிய பந்துகளையும் நான்தான் எழுதினேன். அந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை.

பம்மலில் அவன் குடியிருந்த இடத்துக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை கதவு பூட்டியிருந்தது. இரண்டாம் தடவை வேறொரு குடும்பம் இருந்தது. "தெரியாதுங்களே" என்றார் அந்த அம்மா.

பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். ஸ்கோர் புத்தகங்கள் பழைய காகிதத்தோடு எடைக்குப் போயின. மைதானம் இருந்த இடத்தில் இப்போது ஆறேழு மாடிக் குடியிருப்புகள். பிட்ச் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கலாமே என்று ஒருநாள் கேட் பக்கம் போய் நின்றேன்.

"எந்த ஃபிளாட் சார்? யாரப் பாக்கணும்?" என்றார் காவலாளி.

பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பினேன்.