முன்னுரையைப் படிக்காத பெர்னிஸ்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் எட்டு வருடமாகப் பெர்னிஸ் பழைய துருக்கி மொழியோடு மல்லுக்கட்டினாள். பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சி. டாக்டர் பட்டம் வாங்கியே தீருவது என்ற பிடிவாதம்.

ஒருவர் சொன்னதை எடுத்து எழுதும்போது 'சொன்னான்' எங்கே வருகிறது என்பதுதான் ஆராய்ச்சி. துருக்கியரும் நம்மைப்போல 'என்று சொன்னான்' எனக் கடைசியில் முடிப்பவர்கள். பாரசீகம் படித்தவர்களின் பழைய ஏடுகளிலோ 'அவன் சொன்னான்' முந்திக்கொண்டு நிற்கும். பெர்னிஸ் எடுத்துக்கொண்ட, நானூறு வருடத்துக்கு முன் எழுதிய துருக்கி வரலாற்று நூலில் பெரும்பாலும் அது கடைசியில்தான் இருந்தது. எழுதியவர் பாரசீகம் படித்தும் வீட்டுப் பேச்சை விடவில்லை என்று முடிவுகட்டினாள். மூவாயிரம் வாக்கியங்கள், அத்தனையும் அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அழகுக்குப் போட, மூலச் சுவடியின் படம் ஒன்றை இஸ்தான்புல்லிலிருந்து வரவழைத்தாள். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி தெரிந்தவளுக்கு அந்த எழுத்து பழக்கம்தான். சும்மா வாசித்துப் பார்த்தாள். 'சொன்னான்' முன்னால் இருந்தது. அடுத்த வரியிலும் முன்னால்.

அன்றுதான் முதன்முதலாக அச்சுப் புத்தகத்தின் முன்னுரையைப் புரட்டினாள். இன்றைய வாசகர் வசதிக்காக வாக்கியங்களின் சொல்வரிசையை இன்றைய வழக்குப்படி மாற்றியிருப்பதாகப் பதிப்பாசிரியர் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். அவர்மேல் பழிபோடவும் வழியில்லை. எட்டு வருடத்தில் நாலு பக்கம் படிக்க இந்த மகராசிக்குத்தான் நேரமில்லை!

வழிகாட்டிப் பேராசிரியை லோகேஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"மூலத்தை வச்சு முதல்லேருந்து பண்ணணும்மா. எக்ஸ்டென்ஷன் இந்த மாசத்தோட முடியுது. இனிமே தர மாட்டாங்க. சாரி."

போனை வைக்கும்போதே கணவன் சிரில் உள்ளே வந்தான். எட்டு வருடமும் சமையலை அவன்தான் பார்த்துக்கொண்டான்.

"சண்டே பூசையில சாமியார் வாசிக்கக் கருத்து எழுதிக் கொடுத்துட்டேன்லா. உன் படிப்பு முடிஞ்சதுக்கு நன்றிப் பூசை! கிள்ளான்லேருந்து தங்கச்சியும் வர்றா."

பெர்னிஸ் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லத் துணிவு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று நாளை ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் தாளைப் பார்த்து வாசித்தார். "ஆராய்ச்சிப் படிப்பை நல்லபடியாக நிறைவேற்றித் தந்த ஆண்டவருக்கு நன்றி என்று பெர்னிஸ் சொல்கிறார்."

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. சிரில் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஆமென்" என்றது கோயில். அவளும் சொன்னாள்.