செருமிக்கொண்டு வரும் வண்டி

செல்லக்கிளி அத்தை வண்டி ஓட்டும்போது பலகையின் இடது ஓரத்தில்தான் உட்காருவாள். வலது பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் கிடக்கும். ஹேண்டில் நடுவில் இருப்பதால் கையை எட்டி நீட்டித்தான் ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும். அத்தைக்கு ஒரு கை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது, அடுத்த வருசம் இங்கே இருந்தபடியே திருமங்கலம் பஸ் ஸ்டாண்டைத் தொட்டுவிடும் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அத்தை காதுக்கும் போனது. சிரித்தாள். ஆனால் நகர்ந்து உட்காரவில்லை.

அந்த வலது பக்கம் அவள் புருசன் நல்லகாமன் மாமா உட்கார்ந்த இடம். வண்டியும் அவர் செய்ததுதான். பழைய பைக் ஒன்றின் முன்பாதியை வெட்டி, பின்னால் இரும்புத் தொட்டியைப் பற்றவைத்து, இரண்டு ஜீப் டயர் மாட்டி, சீட்டைக் கழற்றிக் குறுக்கே ஒரு பலகை போட்டார். ரோட்டில் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால் அது ரோட்டைத் தொட்டதே இல்லை. வரப்பு, வாய்க்கால், கண்மாய்ச் சேறு, இவைதான் அதன் நெடுஞ்சாலை.

அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆடுகளை அடைத்து வைப்பதைக் கிடை போடுவது என்போம். அவர்கள் இருவருக்கும் அதுதான் தொழில். கிடை மாறும்போது வலையும் முளைக்குச்சியும் குட்டிகளும் தொட்டியில் ஏறும். பெரிய ஆடுகள் பின்னால் நடக்கும். மாமா ஆடுகளை வாயால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிக்கரை உதைத்தால் போதும். இன்ஜின் இரண்டு தரம் ஒழுங்காக அடிக்கும், பிறகு தொண்டையைச் செருமும், பிறகு ஒன்று அடிக்கும். கார்புரேட்டர் தேய்ந்து காற்று இழுத்ததால் வந்த கோளாறு. செம்மறிகளுக்கு அதுதான் கூப்பாடு.

போன ஐப்பசியில் கண்மாய்க்குள் இருக்கும் திட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றவர் மேல் இடி விழுந்தது. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை.

காரியம் முடிந்ததும் அத்தை வண்டியை எடுத்தாள். அங்கேதான் வினை. பொழுது சாயும் நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் செருமல் கேட்டால் ஊரில் தாழ்ப்பாள் விழும். பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஓட்டி வருவது அத்தை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தாழ்ப்பாள் விழும். பாண்டிராஜ் அண்ணன் தன் வயலில் இனிக் கிடை வேண்டாம் என்றுவிட்டார். செத்தவன் வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறதாம். வண்டியின் கதையைக் கேட்டதும் பக்கத்து மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். பேய் வேசம் போட்டு மூன்று பேரைக் காய்ச்சலில் படுக்க வைத்தவன் நான். நானே அந்தச் சத்தம் வந்தால் போனில் பாட்டைக் கூட்டி வைப்பேன்.

இந்த வருசம் கண்மாய்க்குத் தண்ணீர் வந்த அன்று அத்தையின் ஆடுகள் அதே திட்டில் நின்றன. இடி விழுந்த இடத்துக்கு வேறு யாரும் ஆட்டை ஓட்டுவதில்லை, அதனால் புல் அங்கேதான் செழிப்பு. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் அத்தை கிக்கரை உதைத்தாள். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கொட்டியதே தவிர வண்டி கிளம்பவில்லை. ஆடுகள் தானாகத் தண்ணீரில் கால் வைக்காது. பொழுது இறங்குவதற்குள் திட்டைச் சுற்றி இடுப்பளவு நிற்கும், விடிவதற்குள் திட்டே இருக்காது. அந்த ஆடுகளை விட்டால் அத்தைக்கு வேறு எதுவும் இல்லை.

அத்தையிடமிருந்து எனக்குப் போன் வந்தது. வில்லாபுரத்தில் முகமது ஆசிப் என்ற மெக்கானிக் எனக்குப் பழக்கம். எந்த பைக்கின் பாதி என்று சொன்னதும், வேறொரு வண்டியில் கழற்றி வைத்திருந்த கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு என் பின்னால் ஏறிவிட்டான். கரையில் பைக்கை நிறுத்தி, கணுக்கால் தண்ணீரில் நடத்திக் கூட்டிப் போனேன். திட்டின் கதையை மட்டும் சொல்லவில்லை. ஆசிப் தைரியசாலிதான். இருந்தாலும் ஸ்பேனர் பிடிக்கிற கையைக் கெடுக்கக் கூடாது.

அவன் பெட்ரோலை அடைத்து, டியூபை உருவி, இரண்டு போல்ட்டைக் கழற்றினான். பழைய கார்புரேட்டரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன் லொடலொடத்தது. இது எப்படி இம்புட்டு நாள் ஓடியது என்று என்னைக் கேட்டான். நான் வானத்தைப் பார்த்தேன்.

கொண்டுவந்ததன் துளைகள் பொருந்தின. இடையில் வைக்கும் கேஸ்கட்தான் பொருந்தவில்லை. பையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் அட்டையை இன்ஜின் வாயில் அழுத்தி, அச்சு விழுந்த இடத்தில் வெட்டி, கிரீஸ் தடவி வைத்தான். மணமகன் பெயர் உள்ளே போனது, மணமகள் பெயர் வெளியே நின்றது. கேபிளை மாட்டினான். காற்று ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தான். உதைத்ததும் பிடித்துக்கொண்டது. காதைச் சாய்த்துவைத்து ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, வண்டி தையல் மிசின் போல ஒரே சீராக ஓடியது.

அத்தை வண்டியைத் தண்ணீரில் இறக்கினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். ஓர் ஆடும் அசையவில்லை. யாரோ அசலூர்க்காரன் போகிறான் என்று படுத்து அசைபோட்டன. அத்தை கூப்பிட்டாள். நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஆசிப் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். தாய் கத்தியது, இறங்கவில்லை. தண்ணீர் கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது. முழங்காலைத் தாண்டினால் கார்புரேட்டர் தண்ணீரைக் குடித்துவிடும் என்றான் ஆசிப்.

அத்தை வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, சத்தம் இது இல்ல."

"நல்லாத்தானக்கா ஓடுது?"

"நல்லா ஓடுது. அதான் ஆடு வரல. பழைய சத்தம் வேணும்."

கேட்டே இராத சத்தத்தை எப்படி வைப்பது என்றான் அவன். நியாயம்தான். அத்தை என்னைப் பார்த்தாள். ஊரில் யார் குரலையும் விட்டுவைக்காதவன் நான். மாடு, மைக் செட், பஞ்சாயத்துத் தலைவர் எல்லாம் என் வாயில் வரும். அது மட்டும் வரவில்லை. அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு இன்ஜினுக்குப் பக்கத்தில் குத்தவைத்தாள்.

"டுப்பு டுப்பு... க்கும்... டுப்பு. டுப்பு டுப்பு... க்கும்... டுப்பு."

ஆசிப் சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் குனிந்துகொண்டான்.

ஸ்க்ரூவைத் திருப்பினான். அத்தை தலையசைத்தாள். அடி சரி, செருமல் இல்லை. வண்டியை நிறுத்தி, போல்ட்டுகளைத் தளர்த்தி, தானே வெட்டி வைத்த அட்டையின் ஓரத்தைக் கிழித்தான். பெற்ற பிள்ளைக்குக் காது குத்துகிறவன் மாதிரி இருந்தது அவன் முகம். போல்ட்டை இறுக்கி மறுபடி உதைத்ததும் கிழிசல் வழியாகக் காற்றை உள்ளே இழுத்தது. அணைந்துவிடாமல் இருக்க ஐடிலிங் வேகத்தைத் தூக்கி வைத்தான்.

"இப்பிடி ஓட்டுனா இன்ஜின் சூடேறும்க்கா."

"ஏறட்டும். செருமல் இன்னும் கொஞ்சம் இழுக்கும். வெத்தலை போட்ட ஆளு மாதிரி."

கால் சுற்றுத் திருப்பினான். செருமியது.

கண்மாய்க்குத் தண்ணீர் வருவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். திட்டில் ஆடுகள் முதலில் காதை மட்டும் திருப்பின. பிறகு எல்லாம் ஒன்றாக எழுந்து வந்தன. வந்தவை அத்தையைப் பார்க்கவில்லை. பலகையின் காலி இடத்துக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"மாப்ள, யாரைத் தேடுதுக?" என்று ஆசிப் என் காதில் கேட்டான். கரைக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

வண்டி தண்ணீரில் இறங்கியது. முதல் ஆடு இறங்கியது. பிறகு திட்டு முழுவதும் சரிந்து இறங்கியது போல அத்தனையும் இறங்கின. குட்டிகள் தொட்டிக்குள் நின்று கத்த, நானும் ஆசிப்பும் கடைசியில் நடந்தோம்.

கரையில் கூட்டம் வழிவிட்டு ஒதுங்கியது. கடைசி ஆடு ஏறி உடம்பை உதறிய பிறகு அத்தை சாவியைத் திருகி உருவினாள்.

வண்டி நிற்கவில்லை. டுப்பு டுப்பு. செருமல். டுப்பு. சாவி அவள் கையில் இருந்தது. பாண்டிராஜ் அண்ணன் இரண்டடி பின்னால் போனார். சூடுதான், சில நேரம் அணைத்த பிறகும் இப்படி ஓடும் என்று ஆசிப் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். ஆனால் கிட்டப் போகவில்லை.

அத்தை இறங்கி, பெட்ரோல் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"போதும்," என்றாள். "எல்லாம் கரையேறிருச்சு."

ஒரு தரம் செருமிவிட்டு வண்டி நின்றது.