என் வேண்டுதல், அவர் மொட்டை

போன வாரம் சென்னைக்குப் போகும் ரயிலில், திருத்தணியில் ஏறிய ஒரு குடும்பம் என் எதிரில் வந்து உட்கார்ந்தது. நடுவில் ஒரு சின்னப் பையன். புது மொட்டை, மேலே ஈரம் காயாத சந்தனம். அப்பன் தலையில் மட்டும் முடி கருகருவென்று அப்படியே இருந்தது. அழுது ஓய்ந்த குரலில் பையன் கேட்டான்: "நீதான நைனா வேண்டிக்கின? அப்பறம் ஏன் என் முடிய குடுத்த?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்பன் முறைத்தார். முறைக்கட்டும். மொட்டைத்தலைச் சந்தனம் எல்லோருக்கும் பக்தி வாசனை என்றால், எனக்கு அது பழிவாங்கிய வாசனை.

இரண்டாயிரம் பிறந்த புதிது. திருத்தணி கடைத்தெருவில் குமரேசன் சார் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். மாடியில் அவரும் அவர் அம்மாவும் குடியிருந்தார்கள். அம்மையார்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து நான் அங்கே வேலை பார்த்தேன். சாருக்குக் கணினியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அதை அணைத்தால் திரையில் முகம் தெரியும் என்பதுதான். அதைப் பார்த்துத்தான் தலை சீவுவார். முடியென்றால் முடி, அப்படியொரு முடி. நெற்றியிலிருந்து பொங்கி எழுந்து பின்னால் போய் விழும். சட்டைப் பையில் காசு இருக்கிறதோ இல்லையோ, சீப்பு இருக்கும்.

சென்டருக்கு இன்டர்நெட் வந்தது இரண்டு போன் லைன் வழியாக. நினைத்தபோது ஒன்று செத்துப்போகும். அந்த லைனில் இருந்த பாதிப் பேர் எழுந்து கத்துவார்கள், திட்டு எனக்கு விழும். அப்போதுதான் நண்பன் கொடுத்த சிடியில் ஒரு பேட்ச், அதாவது ஒட்டுப்போடுகிற நிரல்துண்டு, கிடைத்தது. எங்கள் மிஷினை ஓட்டுகிற லினக்ஸின் அடிமடியில் இருக்கிற கெர்னலுக்குள் அதைச் சேர்த்துவிட்டால், இரண்டு லைனும் சேர்ந்து ஓடும். ஒன்று செத்தால் எல்லாம் மற்றதுக்குத் தாவிக்கொள்ளும். 'இது இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறது, உங்கள் பாடு' என்று எழுதியே வைத்திருந்தார்கள்.

பேட்ச் பழைய கெர்னலுக்கு எழுதியது. எங்களுடையது புதிது. ஒட்டாமல் துப்பிய துண்டுகளையெல்லாம், எந்த வரிக்குப் பக்கத்தில் எது என்று தேடிக் கையால் தைத்தேன். அப்புறம் கம்பைல், எழுதியதையெல்லாம் மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற வேலை. அந்தக் கிழட்டு மிஷினுக்கு ஒரு பகல் முழுக்க ஆகும். சூடேறிய தூசி வாசனை கடையெல்லாம் பரவும். நடுவில் கரண்ட் போகும். இதெல்லாம் முடிந்து திரும்ப எழுப்பினால், திரையில் எல், ஐ என்று இரண்டே எழுத்து வந்து நின்றுவிட்டது. தலையை முட்டிக்கொள்ளாத குறை. புதுக் கெர்னல் ஹார்ட் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று நாலெழுத்துக் கட்டளை ஒன்றால் மறுபடி சொல்ல வேண்டுமாம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டு, மலை இருக்கிற பக்கம் திரும்பி, வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். "முருகா, இது எழுந்துக்கினா முடி குடுத்துடறேன்."

சீவிக்கொண்டிருந்த சார் திரும்பிப் பார்த்தார். "உன் தலையில இன்னா கீதுன்னு குடுக்கப் போற?"

எழுந்தது. ஓடவும் ஓடியது. ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று தெருவே எங்கள் வாசலில் நின்றபோது ஒரு லைன் செத்தது. யாருக்கும் தெரியவில்லை. மார்க் வந்துகொண்டே இருந்தது.

சென்னையில் நிறைய சென்டர் நடத்தும் ஒருவர் காதுக்கு இது போய், அவரே நேரில் வந்தார். நான் ஒரு லைனைப் பிடுங்கிக் காட்டினேன். பக்கம் நிற்காமல் வந்தது. தன் கிளைகள் எல்லாவற்றிலும் இதைப் போட ஆள் வேண்டும், இதைச் செய்தது யார் என்று கேட்டார். அந்த வேலை கிடைத்தால் என் தலையெழுத்தே வேறு.

"நான்தாங்க," என்றார் சார். என்னைக் காட்டி, "இவன் கஸ்டமருங்களப் பாத்துப்பான். டீ வாங்கினு வருவான்."

டீ! அந்த நேரம் பார்த்து, பிள்ளையைப் புகழ்வதைக் கேட்க அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். முருகன்தான் அனுப்பினான். வேலையை எடுத்துக்கொண்டவர் வேண்டுதலையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. ரொம்பப் பணிவாகச் சொன்னேன்.

"அம்மா, இது ஓடினா மலைக்கு முடி குடுக்கறதா வேண்டுதல் கீதும்மா. சார் மறந்துட்டாரு போல."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏன்டா, சாமி கடன வெச்சிகினா தல சீவிகினு நிக்கற?"

அடுத்த வாரம் சாருக்குப் புத்தூரில் பெண் பார்க்கப் போகிறார்கள். அவர் என்னைப் பார்த்தார், சென்னைக்காரரைப் பார்த்தார். 'செய்தவன் இவன், வேண்டியவனும் இவன்' என்று சொன்னால் முடி தப்பும், வேலை போய்விடும். கை மட்டும் சட்டைப் பைச் சீப்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

"ஆமாம்மா," என்றார். "மறந்துட்டேன்."

மறுநாள் நானும் கூடவே மலையேறினேன். முதல் கத்தி இழுப்பில் அந்தப் பொங்கும் முடி மடியில் விழுந்ததை முன்னால் நின்று பார்த்தேன். சந்தனம் கரைத்துப் பூசியதும் நான்தான், காது மடல்வரை. பெண் வீட்டில் மொட்டையைப் பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம்.

ஆனால் சென்னை வேலைக்கு அவர்தான் போனார். அதுதான் ஆறவில்லை. போன கொஞ்ச நாளில் போன் வந்தது. குரல் இறங்கிப்போயிருந்தது.

"டேய், எல்லாம் நீ செஞ்சா மாதிரியேதான் செஞ்சேன். எல், ஐன்னு வந்து நின்னுகினு கீதுடா. இன்னா பண்றது?"

நாலெழுத்து. நாக்கு நுனியில் இருந்தது.

"திரும்பவும் முடி வேண்டிக்குங்க சார்," என்று போனை வைத்துவிட்டேன். அந்த வேலை அவருக்கும் நிலைக்கவில்லை.

இப்போது அந்த சென்டர் இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். இரண்டு லைனும் இல்லை, இன்டர்நெட்டுக்கு டயல் செய்யும்போது வருகிற அந்தக் கீச்சொலியும் இல்லை. என் வேண்டுதலுக்கு நான் கொடுக்காத முடி, எந்த சாமிக்கும் இல்லாமல் தானாகவே கொட்டிவிட்டது. இறங்கும்போது, ரயிலில் என்னோடு வந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் அந்த நாலெழுத்தைச் சொல்லிக் கேட்டேன். கணினிதான் படிக்கிறார்களாம். ஒருவனுக்கும் தெரியவில்லை. குமரேசனுக்குக் கூடச் சொல்லாமல் இத்தனை வருடம் நான் கட்டிக்காத்த கட்டளை, இப்போது சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.